பின் அச்சு சம்பந்தமாகச் சம்பந்திக்கு

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் பிரார்த்தனை. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் தங்கள் மகளும் நலம். நலம் என்றால், அவரவர் கை கால் அதனதன் இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். என் கட்டைவிரல் நகம் மட்டும் கறுத்துப்போயிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் விஷயம். தாங்கள் தயவுசெய்து உடனே புறப்பட்டு வந்து, பல காலம் ஓட்டி அலுத்துத் தங்கள் மகளுக்குக் கொடுத்தீர்களே அந்த ஜீப், அதை ஓட்டிக்கொண்டோ, இழுத்துக்கொண்டோ, தலையில் தூக்கி வைத்துக்கொண்டோ திரும்பக் கொண்டுபோய்விட வேண்டும். கூடவே, டவுனில் உள்ள நாய் பூனை ஆஸ்பத்திரியில் அவளுக்காகக் காத்திருக்கும் வேலையை ஒப்புக்கொள்ளச் சொல்லி, பெற்ற தகப்பன் என்ற முறையில் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். குளுகுளு அறை, சுழல் நாற்காலி, வருகிற நோயாளிகள் எல்லாம் மடியில் அடங்குகிற அளவு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். என் மகன் கப்பலிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், "அப்பா, அவ மாட்டுக்கு ஊசி போட மலை மலையா ஏறிட்டிருக்கா. எனக்கு இங்க தூக்கம் வரல. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்கிறான். நடுக்கடலில் ஆடிக்கொண்டு தரையில் இருப்பவர்களுக்காகப் பயப்படுகிறான். நானும் எடுத்துச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஒருவரிடம் ஒன்றை எடுத்துச் சொல்வதற்கு முகம் தெரிய வேண்டாமா? பல வாரங்களாக எனக்குத் தெரிவது, வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாதங்கள் மட்டுமே.

என்னைத் தங்களுக்குத் தெரியும். உத்தியோகக் காலம் முழுவதும் லிஃப்டுகளைச் சோதித்து, இத்தனை பேர் ஏறலாம், இதற்கு மேல் ஒரு குழந்தைகூட ஏறக் கூடாது என்று முத்திரை குத்தியவன். நான் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் ஒன்றும் இதுவரை கீழே விழுந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு சோதிக்க எதுவும் இல்லாமல் மாடிப்படிக் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பேன், மின்விசிறிக் கொக்கியை அண்ணாந்து பார்ப்பேன், பால் வாங்கப் போன இடத்தில் கடைக்காரருடைய ஏணியை உலுக்கி அவர் கோபத்தை வாங்கிக்கொண்டு வருவேன். "உங்க கால்ல சக்கரத்தைக் கட்டித்தான் அனுப்பியிருக்காங்க" என்பாள் என் வீட்டுக்காரி. இப்படிப்பட்டவன் வீட்டில் வேறு சக்கரமும் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்?

எல்லாம் தாங்கள் அவளுடைய பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த அந்தப் பெரிய டயர்களால் வந்த வினை. ஆட்டுக்குட்டிக்கு யானைக்காலை மாட்டினால் இடுப்பு என்ன ஆகும் என்று அப்போதே கேட்டேன். மலையடிவாரத்து ஓடையைத் தாண்டும்போது பின்சக்கரம் இரண்டு பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ள, தங்கள் மகள் ஆக்சிலேட்டரை மிதிக்க, கீழே டக்கென்று ஒரு சத்தம். என்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, சக்கரம் மட்டும் எனக்கென்ன என்று நிற்கிறது. டிராக்டரைக் கட்டி இழுத்து வந்து வாசலில் விட்டார்கள். மறுநாள் காலை அவள் சக்கரத்தைக் கழற்றி, ஒடிந்த அச்சுத்தண்டை உருவி எடுத்து வந்து சாப்பாட்டு மேசையின்மேல் வைத்தாள்.

"பாருங்க மாமா, ஈரத்துணியைப் பிழிஞ்ச மாதிரி முறுக்கிட்டு ஒடிஞ்சிருக்கு. அழகா இல்ல?"

"சாப்பிடற எடத்துல என்னம்மா இது" என்றாள் என் வீட்டுக்காரி.

"கழுவித் தொடைச்சிட்டேன் அத்தை."

சரி, வண்டி ஒழிந்தது, இனி வேலைப் பேச்சை எடுக்கலாம் என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோதுதான் அவள் தங்களுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். "இதுக்கெல்லாமா கவலைப்படுவாங்க? சின்ன லாரியோட பின் அச்சு ஒண்ணு பழசாப் பாத்துத் தூக்கி வை. ஒரு ஞாயித்துக்கிழமை வேலை" என்றீர்கள். எந்த வருஷத்து ஞாயிற்றுக்கிழமை என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை.

பழைய இரும்புக் கடைக்கு நான் போனது துணைக்கு மட்டும்தான். அங்கே அச்சுகள் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. "இதை எடுத்துக்கங்க சார், வீடு இடிஞ்சு மேல விழுந்தாலும் வளையாது" என்றார் கடைக்காரர். அவர் பேச்சை நம்பி வாங்கிவிட முடியுமா? சும்மா இருக்க முடியாமல் சுத்தியலை வாங்கி ஒவ்வொன்றையும் தட்டி, காதை வைத்துக் கேட்டு, நாலைந்தை வேண்டாமென்று தள்ளி, கடைசியில் ஒன்றைக் காட்டினேன். காட்டினேன் என்றுதான் எழுதுகிறேன், வாங்கச் சொன்னேன் என்று எழுதவில்லை. தாங்கள் கவனிக்க வேண்டும். அதைக் கொண்டுவந்து இறக்கிய நேரம் பார்த்து மழை கொட்டியதால், சுமைக்காரர்கள் நனையாத இடமாகப் பார்த்து எங்கள் முன்னறையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நடுவில் ஒரு தொப்பை, இரண்டு பக்கமும் நீட்டிய கைகள். விருந்துக்கு வந்து திரும்பிப் போக மனசில்லாத தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி அங்கேயே படுத்துக்கொண்டது. என் வீட்டுக்காரி அதன்மேல் ஒரு விரிப்பைப் போட்டு மூடினாள். காப்பீட்டு முகவர் ஒருவர் வந்து அதன்மேலேயே உட்கார்ந்து ஆயுளின் நிலையாமையைப் பற்றிப் பேசிவிட்டு, போகும்போது "பெஞ்சு நல்ல உறுதியா இருக்கு சார், எங்க வாங்கினீங்க" என்று விசாரித்தார். அவர் போன பிறகு பார்த்தால் கால்சட்டை பதிந்த இடமெல்லாம் எண்ணெய். அதன் ஒரு முனையிலிருந்து கியர் ஆயில் சொட்டிக்கொண்டே இருந்ததால் கீழே ஒரு பாத்திரம் வைத்தேன். அது பால் காய்ச்சுகிற பாத்திரம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டில் டீ குடித்தவர்கள் யாரும் இரண்டாவது முறை கேட்டதில்லை.

தாங்கள் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டைகளை அடுக்கி, துருப்பிடித்த போல்ட்டுகளை அறுத்துப் பழைய அச்சைக் கீழே இறக்கினோம். இறக்கினாள் என்று திருத்திப் படிக்கவும். புதியதை அடியில் தள்ளிப் பார்த்தால் அது இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளம். வண்டியின் ஸ்பிரிங் பட்டைகள் ஓரிடத்தில், அவை உட்கார வேண்டிய தட்டுகள் அச்சின்மேல் வேறிடத்தில். "அறுத்துட்டு வேற எடத்துல வெல்டு வைக்கணும் மாமா" என்றாள், ஏதோ சட்டையில் பொத்தானை மாற்றித் தைக்கிற மாதிரி. சொல்லி வாய் மூடவில்லை, அச்சு உருண்டது, என் கட்டைவிரல் நடுவில் இருந்தது. விரலைப் பற்றி இவ்வளவு போதும். வெல்டரைக் கூப்பிட்டோம். அவருக்கு இந்தத் தெருவில் 'நாளைக்கு' என்று பெயர். எப்போது கூப்பிட்டாலும் அதையே சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது; இப்போது 'நாளைக்கு வந்தாரா?' என்று கேட்டால் யாரைக் கேட்கிறோம், எந்த நாளைக் கேட்கிறோம் என்று எங்களுக்கே குழப்பம்.

அவர் வருகிறவரை ஜீப் பின்னங்கால் இல்லாத மாடு மாதிரி கட்டைகளின்மேல் நின்றது. நின்ற இடம்தான் வம்பு. எங்கள் மாடியில் ஒரு பல் மருத்துவர் குடியிருக்கிறார், மிகவும் சாது. இரண்டு வீட்டுக்கும் பொது வழி. அவருடைய கார் உள்ளே, ஜீப் வெளியே.

"சார், என் கார் உள்ள இருக்கு" என்றார்.

"தெரியும் டாக்டர்."

"என் பேஷண்ட்டெல்லாம் கிளினிக்ல வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்காங்க."

"தெரியும் டாக்டர். நாளைக்கு வந்துட்டா முடிஞ்சிடும்."

"நாளைக்கா?"

"நாளைக்கு இல்ல டாக்டர், நாளைக்கு வந்ததும்."

பாவம், பஸ்ஸில் போய் வந்தார். ஒரு நாள் மாலை திரும்பி வரும்போது தங்கள் மகள் அச்சின் தொப்பையைத் திறந்து வைத்து, "கிரவுன்ல ஒரு பல்லு சந்தேகமா இருக்கு மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே சுற்றுகிற பெரிய பல்சக்கரத்துக்குக் கிரவுன் என்று பெயராம். பல் மருத்துவர் படியில் வைத்த காலை எடுத்தார். "கிரவுனா? எந்தப் பல்லு?" என்றார். பையைத் திறந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற அந்தக் குட்டிக் கண்ணாடியை எடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். "லேசான தேய்மானம். வேர் வரைக்கும் போகல. பிடுங்க வேண்டாம்" என்றார். அதன்பிறகு அவர் காரைப் பற்றிக் கேட்டதில்லை. காலையில் போகும்போதும் மாலையில் வரும்போதும் நோயாளியின் உடல்நிலையை மட்டும் விசாரித்தார்.

ஒருவழியாக நாளைக்கு ஒரு நாள் வந்து, தட்டுகளை அறுத்து, தீப்பொறி பறக்க வெல்டு வைத்தார். பக்கத்தில் போய், சாய்வு பார்க்கிற என் பழைய ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா? என்ஜினிலிருந்து வருகிற சுழல்தண்டு வந்து சேரும் அச்சின் மூக்கு இருக்கிறதே, அது வண்டியைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்படியே ஓடினால் தண்டின் மூட்டு ஒரு மாதத்தில் பொடிப்பொடியாகிவிடும். "தப்பு" என்றேன். "மேல பாரம் ஏறினா தானாச் சரியாயிடும் சார்" என்றார். "எப்ப?" என்றேன். தன் பெயரையே பதிலாகச் சொன்னார்.

அங்கேதான் எனக்கும் தங்கள் மகளுக்கும் வாய்த்தகராறு. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்துவிட்டால் மலைக்கு வேறு வண்டி ஏறாது. அவள் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. "மாமா, இது லிஃப்ட் இல்ல. நீங்க முத்திரை குத்தினாத்தான் நகரும்னு சட்டம் ஒண்ணும் இல்ல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அந்தக் கோபத்தில், இத்தனை வாரமாகத் தொண்டையில் நின்றதைக் கொட்டிவிட்டேன். எதற்கு இந்தப் பாடு, டவுனில் வேலை காத்திருக்கிறது, புருஷன் தூங்காமல் கிடக்கிறான், பேசாமல் போய் உட்கார் என்றேன்.

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "போன மழைக்கு ஒரு பசு மாமா. மூணு நாள் கத்தியிருக்கு. வண்டி ஓடையில நின்னுபோச்சு, நான் நடந்து போறதுக்குள்ள அதுவும் போச்சு, வயித்துல இருந்ததும் போச்சு. அந்தம்மா என்னைத் திட்டல. வந்ததுக்கு உக்காரச் சொல்லித் தண்ணி குடுத்தாங்க. அன்னையிலிருந்து எனக்கு எங்கயும் உக்கார முடியல." ஸ்பேனரை மறுபடி எடுத்துக்கொண்டு, "நீங்க ரிட்டயர் ஆனதிலிருந்து ஒரு நாளாவது உக்காந்திருக்கீங்களா மாமா? என்னை மட்டும் உக்காரச் சொல்றீங்க" என்றாள்.

 தாங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். உடனே எழுந்துவிட்டேன். மறுநாள் காலை வாசலில் கிரைண்டர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், வெல்டு வைத்த தட்டுகளை அவளே வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். ரசமட்டத்தை என் கையில் கொடுத்து, "நீங்களே வச்சுக் காட்டுங்க மாமா" என்றாள். காட்டினேன். முறைப்படி அது என் தொழில் என்பதால் காட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகவே எழுதுகிறேன், கை வலிக்கிறது. சுழல்தண்டு நீளமாகிப்போனதால் கடைசல் பட்டறையில் கொடுத்து வெட்டினோம், அதிகமாக வெட்டிவிட்டார்கள், வேறொன்று வாங்கி வெட்டினோம். முன்சக்கரங்களுக்கு ஐந்து போல்ட், புதிய பின்சக்கரங்களுக்கு ஆறு. எனவே இந்த வண்டிக்கு மட்டும் இரண்டு விதமான ஸ்டெப்னி. சக்கரங்கள் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால், முதல் முறை வாசலில் முன்னும் பின்னும் எடுத்தபோது சேறு முழுக்க எங்கள் வெள்ளைச் சுவரிலும், அப்போதுதான் விடுதலையான பல் மருத்துவரின் காரிலும், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரியின் மேலும் சரிசமமாகப் பிரிந்து விழுந்தது. பிரேக் குழாயில் காற்று எடுக்க, பெடலை மிதிக்க ஆள் வேண்டும் என்று அவளைத்தான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தோம். நான் அடியிலிருந்து "அமுக்கு" என்பேன், அமுக்குவாள். "விடு" என்பேன், விடுவாள். எல்லாம் முடிந்து இறங்கியதும், "கல்யாணமானதிலிருந்து நீங்க சொல்லி நான் மறுபேச்சில்லாம செஞ்சது இது ஒண்ணுதான். அதனால பெருமைப்பட்டுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்று காலை மலையிலிருந்து போன். ஒரு பசு விடிந்ததிலிருந்து முக்கிக்கொண்டிருக்கிறது, கன்றின் முன்னங்கால்கள் தெரிகின்றன, தலை வரவில்லை என்றார்கள். தங்கள் மகள் பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறி, "வரீங்களா மாமா?" என்றாள். சோதனை ஓட்டம் முடியாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது என்றேன். "இதுதான் சோதனை ஓட்டம். சோதிக்கிறவர் வேணாமா?" என்றாள். ஏறினேன். சம்பந்தி, லிஃப்ட் மேலே போகும், கீழே வரும். பக்கவாட்டில் போகாது, ஆற்றில் இறங்காது. அதே ஓடை, அதே பாறைகள், தண்ணீர் முன்பைவிட அதிகம். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பின்பக்கம் காதை வைத்தேன். டயர் பாறையில் உரசுகிறது, என்ஜின் உறுமுகிறது, வண்டி ஒரு பக்கம் சாய்கிறது, எனக்குத் தெரிந்த எல்லாரையும் நினைத்துக்கொள்கிறேன். அச்சிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தால் அக்கரையில் நிற்கிறோம்.

மேலே போனதும் அவள் தோள் வரை கையை உள்ளே விட்டு, பின்னால் மடங்கியிருந்த கன்றின் தலையைத் திருப்பினாள். கால்களில் கயிற்றைக் கட்டி மறுமுனையை என்னிடம் கொடுத்தாள். "நான் சொல்லும்போது மட்டும் இழுங்க. இப்ப... விடுங்க... பசு முக்கும்போது நீங்களும்... இப்ப." என் வீட்டுக்காரி பெடல் மிதித்த மாதிரி நானும் மறுபேச்சில்லாமல் செய்தேன். ஒரு கட்டத்தில் கயிறு தளர்ந்தது, நான் மல்லாந்து சாணத்தில் விழுந்தேன், என் மடியில் ஈரமாக ஒரு கன்று. கொஞ்ச நேரத்தில் அது எழுந்திருக்கப் பார்த்தது. முதலில் பின்னங்கால்களை ஊன்றிக்கொண்டது, பிறகுதான் முன்னங்கால்கள். அந்த வீட்டு அம்மா என் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  பிறகு அவள் அங்கே போட்டிருந்த கயிற்றுக் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தாள்.

ஆனாலும் சம்பந்தி, நான் உணர்ச்சிவசப்பட்டு விஷயத்தை மறக்கிறவன் அல்ல. திரும்பி வரும்போது முன்பக்கம் ஒரு முனகல் கேட்டது. பின்னால் பலமான அச்சு வந்துவிட்டதால் இப்போது முன் அச்சுதான் நோஞ்சானாம், அதையும் மாற்ற வேண்டுமாம். எங்கள் முன்னறை இன்னொரு சொந்தக்காரரைத் தாங்காது. ஆகவே இக்கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து வண்டியை எடுத்துப்போய், பெண்ணுக்குப் புத்தி சொல்லி, என் மகனைத் தூங்க வைக்க வேண்டுமென்று மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கத்தைச் சொல்லவும். வீட்டில் சின்னவர்களுக்கு ஆசீர்வாதம். அனைவரும் நோய்நொடி இல்லாமல், எண்ணெய்ப் பிசுக்கில்லாமல், பல்லாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் மறவாத சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டிய கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று வெள்ளிக்கிழமை. காலையில் டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தங்கள் மகள் வழக்கம்போல் வண்டிக்கு அடியில் இருந்ததால் நான் எடுத்தேன். மிக மரியாதையான குரல். "டாக்டர் எப்ப ஜாயின் பண்றாங்க சார்? பதிலே காணோமே" என்றது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். "அவங்களுக்கு உக்கார நேரமில்லம்மா. வேற ஆளைப் பாத்துக்கங்க" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்னது என் வாய்தான், சந்தேகமில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசற்படியில் அவள் நிற்கிறாள்.

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க மாமா?"

நான் மின்விசிறிக் கொக்கியை அண்ணாந்து பார்த்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே, "நேத்து சாயங்காலமே வேண்டாம்னு எழுதி அனுப்பிட்டேன். அவங்க இன்னும் பாக்கல போல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் காலையிலிருந்து அடியில படுத்துட்டிருந்தேன். வண்டியில ஒரு வேலையும் இல்ல" என்றாள்.

ஆகவே வண்டியை எடுத்துப் போக வர வேண்டாம். என் மகனுக்கு இதை யார் சொல்வது என்பதுதான் பாக்கி. தாங்கள் நேரம் பார்த்துப் பக்குவமாகச் சொல்லிவிட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். வாசலில் நம் பெண் ஹார்ன் அடிக்கிறாள். மேல்மலையில் ஓர் எருமை எழுந்திருக்கவில்லையாம். இந்தப் பின்குறிப்புக்கு மேலே உள்ள எதையும் தாங்கள் படிக்க வேண்டாம். போய் வருகிறேன்.